ஃபிஃப்டி எல்லாம் ஒன்றுதானா? மட்டக்களப்பில் வைத்தே லென்ஸ்களை ஒப்பிட ஒரு முழு வழிகாட்டி

"அண்ண, ஒன் பொயின்ட் எயிட் எடுக்கவா, ஒன் பொயின்ட் ஃபோர் எடுக்கவா?" கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுக்கப் புறப்படும் தம்பிமார் எல்லாரும் ஃபிஃப்டி, அதாவது 50 மி.மீ லென்ஸ் வாங்கும்போது ஏதோ ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி இது. அந்த எண்கள் லென்ஸின் திறப்பைச் சொல்லும் எஃப் எண்கள், எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. கேட்டவுடன் யாராவது ஒரு வீடியோ இணைப்பை அனுப்பிவிடுவார்கள். அதில் ஒருவர் குளிர்நாட்டில் எங்கேயோ, மஞ்சளாகப் பழுத்த மரங்களுக்கு முன்னால் ஒரு பெண்ணை நிறுத்தி எடுத்த படங்களைக் காட்டுவார். நமக்கு அதனால் பெரிய பிரயோசனம் இல்லை. நமக்குக் கிடைக்கும் பின்னணி தென்னோலை, கிடுகு வேலி, மண்டபத்துச் சோடனை பல்புகள், வாவியில் பட்டுத் தெறிக்கும் வெயில், இவைதான். இவற்றுக்கு முன்னால் ஒரு லென்ஸ் என்ன செய்கிறது என்று நாமே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எஃப் 5.6இல் வைத்து எடுத்தால், 1990இல் வந்த பிளாஸ்டிக் கெனன் 50 மி.மீ எஃப் 1.8 இரண்டாம் பதிப்பையும் 2018இல் வந்த நிகோன் இசட் 50 மி.மீ எஃப் 1.8 எஸ்ஸையும் அல்பம் அளவு பிரிண்டில் பிரித்துச் சொல்வது மிகவும் கஷ்டம். லென்ஸின் குணம் தெரிவது எஃப் 2.8க்குக் கீழே, அதுவும் பெரும்பாலும் ஃபோகஸ் இல்லாத இடங்களில். ஆகவே இந்த வழிகாட்டியில் கூர்மையைப் பற்றிக் கொஞ்சமாகவும் மங்கலைப் பற்றி நிறையவும் இருக்கும். நீங்கள் எப்போதும் எஃப் 8இல் குரூப் படம் எடுப்பவர் என்றால் கையிலிருக்கும் லென்ஸே போதும், காசை ஒரு நல்ல ஃபிளாஷில் போடுங்கள்.

எதை எதோடு வைத்துப் பார்ப்பது

ஃபுல் ஃபிரேம் சென்சரின் அளவு 36க்கு 24 மி.மீ, மூலைவிட்டம் 43 மி.மீக்குக் கொஞ்சம் மேலே. அதற்கு அண்மையான குவியத் தூரம் உள்ளதைத்தான் ஸ்டாண்டர்ட் லென்ஸ் என்கிறோம், வழக்கத்தில் 50, அதோடு 55, 58. அதைவிடச் சின்னச் சென்சர் உள்ள ஏபிஎஸ்-சி கமராவில் அதே கோணம் வேண்டுமென்றால் 35 அல்லது 33 மி.மீ லென்ஸ் போடவேண்டும். ஏபிஎஸ்-சியில் 50ஐப் போட்டால் அது நிகோன், சோனி, ஃபுஜியில் 75 போலவும் கெனனில் 80 போலவும் நடந்துகொள்ளும், அதாவது முகப்படத்துக்கு நல்லது, சின்ன அறைக்குள் மணவறைக்கு முன்னால் நின்று குடும்பத்தை எடுக்க உதவாது.

ஒப்பீட்டில் ஒரே சென்சர் அளவு இருக்கவேண்டும், முடிந்தால் ஒரே கமரா. ஃபுல் ஃபிரேமில் எடுத்த சிக்மாவையும் ஏபிஎஸ்-சியில் எடுத்த கெனனையும் பக்கத்தில் வைத்து "பாருங்க சிக்மா எவ்வளவு கிரீமியா இருக்கு" என்பதில் அர்த்தமில்லை, அந்த வித்தியாசத்தில் பாதிக்கு மேல் சென்சருடையது. மிரர்லெஸ் கமரா ஒன்று கிடைத்தால் அடாப்டர் போட்டுப் பல கம்பனி லென்ஸ்களை ஒரே உடம்பில் மாற்றி மாற்றிப் போடலாம், அதுதான் வசதி. ஆனால் அடாப்டருக்குள் கண்ணாடி ஏதும் இருக்கக்கூடாது. திருகிப் பூட்டும் பழைய எம்42 லென்ஸை நிகோன் டிஎஸ்எல்ஆரில் தூரம்வரை ஃபோகஸ் செய்ய வைக்கும் மலிவு அடாப்டர்களில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும், அது லென்ஸின் குணத்தையே மாற்றிவிடும். கெனன் டிஎஸ்எல்ஆரில் இந்தப் பிரச்சினை இல்லை, லென்ஸ் பூட்டும் மவுண்டிலிருந்து சென்சர்வரை உள்ள தூரம் அதில் 44 மி.மீதான், நிகோனில் 46.5, எம்42க்கு ஏறக்குறைய 45.5 வேண்டும்.

குவியத் தூரம் கொஞ்சம் வேறுபட்டால் முகத்தின் அளவைச் சமமாக்குங்கள். 50 மி.மீக்கு 1.5 மீற்றரில் நின்றீர்கள் என்றால் 58 மி.மீக்கு 1.75 மீற்றர் அளவில் பின்னுக்குப் போகவேண்டும். நிலத்தில் சோக்கட்டியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

லென்ஸுக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள்

இதைச் செய்யாமல் ஒப்பிடவே வேண்டாம், முக்கியமாக நம்முடைய ஊரில். வாவியும் கடலும் இரு பக்கமும் இருக்க, மார்கழி மழைக்கு அலுமாரியில் வைத்த உடுப்பே பூஞ்சணம் பிடிக்கும் இடத்தில் லென்ஸ் மட்டும் தப்புமா? இருட்டறையில் லென்ஸை எடுத்து, அப்பர்ச்சரை, அதாவது பிளேடுகளால் ஆன உள் திறப்பை, முழுதாகத் திறந்து, ஃபோன் டோர்ச்சைப் பின்னாலிருந்து சரிவாக அடித்து முன்பக்கத்தால் பாருங்கள். சிலந்தி வலை போன்ற கிளைகள் தெரிந்தால் பூஞ்சணம். முழுக் கண்ணாடியிலும் பால் தெளித்ததுபோல் ஒரு படலம் தெரிந்தால் அது ஹேஸ். அப்பர்ச்சர் பிளேடுகளில் எண்ணெய் மினுங்கினால் அதுவும் பிரச்சினைதான், பழைய டிஎஸ்எல்ஆர் லென்ஸ்களில் பிளேடு மெதுவாக மூடி, படம் வெளிச்சம் கூடி வரும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஹேஸ் பிடித்த லென்ஸில் வெளிச்சத்தைச் சுற்றி ஒரு மென்மையான ஒளிவட்டம் வரும், அதைப் பார்த்துவிட்டு "பழைய லென்ஸின் மாயம்" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது பழுது, குணம் இல்லை. சில பழைய பென்டக்ஸ் டக்குமார் 50 மி.மீ எஃப் 1.4 லென்ஸ்களில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு, காலம் போகப்போக அது தேநீர் நிறத்துக்கு மஞ்சளாகிவிடும், சில நாட்கள் புற ஊதாக்கதிர் விளக்கிலோ வெயிலிலோ வைத்தால் மஞ்சள் குறையும். அப்படியான லென்ஸைத் தெளிய வைத்த பிறகுதான் நிறத்தைப் பற்றிப் பேசவேண்டும்.

அதோடு யூவி ஃபில்டரைக் கழற்றுங்கள். உப்புக்காற்றுக்குப் பயந்து எல்லாரும் போட்டிருப்போம், சரி, பிறகு போட்டுக்கொள்ளலாம். இரவு விளக்குப் படத்தில் ஃபில்டர் தன் பங்குக்கு ஒரு தலைகீழ்ப் பிம்பத்தை உண்டாக்கும், பழி லென்ஸில் விழும்.

கமரா செட்டிங்

மனுவல் எக்ஸ்போஷர், ஐஎஸ்ஓ 100, ரோ (கமரா மெருகேற்றாத மூலக் கோப்பு). வைட் பேலன்ஸ் ஓட்டோவில் இருக்கவே கூடாது, வெளியே என்றால் 5500 கெல்வினில் நிறுத்திவிடுங்கள். கமராவில் உள்ள லென்ஸ் திருத்தங்களை, அதாவது மூலை இருட்டு, வளைவு, நிறப்பிசகு என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள். மிரர்லெஸ் லென்ஸ்களில் இன்னொரு சிக்கல் உண்டு, சில மென்பொருள்கள் ரோ கோப்பைத் திறக்கும்போதே திருத்தத்தை உங்களைக் கேட்காமல் போட்டுவிடும். ரோதெரபி அல்லது டார்க்டேபிளில் திறந்தால் அதை அணைத்துவிட்டு உண்மையில் கண்ணாடி என்ன தந்தது என்று பார்க்கலாம், இரண்டும் இலவசம்.

ட்ரைபொட் கட்டாயம். இரண்டு செக்கன் டைமர். டிஎஸ்எல்ஆர் என்றால் லைவ் வியூ போட்டு, திரையில் பத்து மடங்கு பெருப்பித்து, கையால் ஃபோகஸ். ஓட்டோ ஃபோகஸை நம்பி ஒப்பிட்டால் எந்த லென்ஸுக்கு ஃபோகஸ் சரியாக விழுந்தது என்பதைத்தான் ஒப்பிடுவீர்கள். 50 மி.மீ எஃப் 1.8இல் 1.5 மீற்றர் தூரத்தில் கூர்மையாக இருக்கும் ஆழம் மொத்தமாகப் பத்து சென்ரிமீற்றர் அளவு, ஒரு மீற்றரில் நாலு சென்ரிமீற்றர்தான்.

எஃப் 1.4 லென்ஸை எஃப் 1.8 லென்ஸோடு ஒப்பிடும்போது இரண்டு தடவை எடுக்கவேண்டும், ஒன்று அவரவர் முழுத் திறப்பில், மற்றது இரண்டும் எஃப் 1.8இல். இரண்டாவதில்தான் 1.4இன் உண்மையான லாபம் தெரியும். அந்த லென்ஸ் அங்கே ஏற்கெனவே கொஞ்சம் மூடியிருக்கிறது, அதனால் மூலை இருட்டும் குறைந்து தெளிவும் கூடியிருக்கும், ஆனால் விளக்கு வட்டங்களில் பிளேடின் மூலைகள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கலாம். அதற்குப் பிறகு 2.8, 5.6 போதும். ஒவ்வொரு மூன்றிலொரு ஸ்டொப்புக்கும் எடுத்துக் குவித்தால் பார்ப்பதற்கே அலுத்துப்போகும்.

தேங்காயும் கிடுகு வேலியும்

முகப்படத்துக்கான ஒப்பீட்டை ஆளை வைத்துத் தொடங்க வேண்டாம். தங்கச்சியைப் பிடித்து நிறுத்தினால் மூன்றாவது லென்ஸில் சிரிப்பு மாறும், ஐந்தாவதில் எழும்பிப் போய்விடுவாள். ஒரு தேங்காய் போதும், தும்பு முழுவதும் உரிக்காத காய், ஒரு கதிரையின் முதுகுச் சட்டத்தில் தலை உயரத்துக்குக் கட்டி வையுங்கள். அளவு கிட்டத்தட்ட மனிதத் தலை, உருண்டை, முன்னுக்கும் பின்னுக்கும் நார் நீட்டிக்கொண்டிருக்கும். கூர்மையிலிருந்து மங்கலுக்கு லென்ஸ் எப்படி இறங்குகிறது என்பதை அந்த நார்கள் மிகத் தெளிவாகக் காட்டும். சில லென்ஸ்களில் கூர்மை சட்டென்று அறுந்து விழும், சிலவற்றில் மெதுவாகக் கரையும். பிறகு ஆளையும் வைத்து எடுங்கள், தோலைத் தேங்காய் காட்டாது.

இடம், நிழல் விழும் விறாந்தை ஓரம். பின்னணி இரண்டு வகை வேண்டும். ஒன்று நாலைந்து மீற்றர் பின்னால் தென்னோலையும் அதனூடே வானமும், இது எந்த லென்ஸுக்கும் கடுமையான பரீட்சை. ஓலைக் கீற்று ஒவ்வொன்றும் பிரகாசமான வானத்துக்கு எதிரே ஒரு மெல்லிய கோடு, மோசமான லென்ஸில் ஒவ்வொரு கோடும் இரண்டாகப் பிரிந்து நிற்கும், பின்னணி முழுவதும் கீறிவிட்டதுபோல் பதறும். கல்லடிப் பக்கம் உள்ளவர்கள் பழைய பாலத்து இரும்புச் சட்டங்களைப் பின்னணியாக வைத்தும் இதைப் பார்க்கலாம், லேடி மேனிங் பாலம் 1924இல் கட்டப்பட்டபோது இந்த உபயோகத்தை யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். மற்றப் பின்னணி கிடுகு வேலி. தேங்காயைப் பின்னணிக்கு நேரே வைக்காமல், வேலி உங்கள் பக்கத்திலிருந்து தூரத்துக்குச் சரிந்து போகும்படி நில்லுங்கள். அப்போது ஒரே படத்தில் முன் மங்கல், கூர்மை, பின் மங்கல் மூன்றும், ஒரே பின்னல் வடிவத்தில் வரிசையாகக் கிடைக்கும்.

இங்கேதான் விஷயத்தின் மூலம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். லென்ஸின் விளிம்பால் வரும் கதிர்களும் நடுவால் வரும் கதிர்களும் ஒரே புள்ளியில் சேரவேண்டும். சேராவிட்டால் அது கோளப்பிறழ்வு. வடிவமைப்பாளர் அதை முழுதாகத் திருத்தாமல் கொஞ்சம் விட்டால், பின்னால் உள்ள மங்கல் வட்டங்களின் நடு பிரகாசமாகவும் விளிம்பு மங்கியும் வரும், அதனால் ஒன்றோடொன்று கலந்து பின்னணி வழுவழுப்பாகத் தெரியும். அதே லென்ஸில் முன்னால் உள்ள மங்கல் நேர்மாறாக, விளிம்பு பிரகாசமாக, கரடுமுரடாக வரும். கூர்மைக்காகத் தேவைக்கு மேல் திருத்திவிட்டால் பின்னணியில் விளிம்பு பளிச்சென்ற வளையங்கள் வரும், முன் மங்கல் அழகாகிவிடும். எல்லாவற்றையும் அச்சொட்டாகத் திருத்தினால் முன்னும் பின்னும் தட்டையான, சீரான வட்டங்கள். ஆகவே ஒரு லென்ஸின் பின்னணி பிடிக்கவில்லை என்றால் அதன் முன் மங்கலைப் பாருங்கள். பூமாலைக்கு ஊடாக, மீன்வலைக்கு ஊடாக எடுக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த லென்ஸே நல்லதாக இருக்கலாம்.

காற்றைக் கவனியுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது ஓலை ஒரு படத்தில் இருந்தமாதிரி அடுத்த படத்தில் இருக்காது, விடிய வேளையில் காற்று எழும்ப முதல் முடித்துவிடுங்கள்.

இரவில் கல்லடிப் பாலம்

2013இல் திறந்த புதிய பாலத்து விளக்குகளும் வாவியில் விழும் அவற்றின் பிரதிபலிப்பும் இலவசமாகக் கிடைக்கும் பரீட்சைக்கூடம். பாடுமீன் கேட்க வருபவர்கள் வள்ளத்தில் காதை வைத்துக்கொண்டிருக்க, நீங்கள் கரையில் தேங்காயோடு நிற்கும்போது நாலு பேர் என்ன ஏது என்று கேட்பார்கள், பதில் ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

காயை அல்லது ஆளை 1.5 மீற்றரில் வைத்து, ஒரு சின்ன எல்ஈடி விளக்கை அதில் பிடித்து, பாலத்து விளக்குகளை வட்டங்களாக்குங்கள். வட்டம் எவ்வளவு பெரிது என்பது வெறும் கணக்கு. குவியத் தூரத்தை எஃப் எண்ணால் பிரித்தால் திறப்பின் விட்டம் வரும். 50 மி.மீ எஃப் 1.8க்கு 28 மி.மீ, எஃப் 1.4க்கு 36, பழைய சோவியத் லென்ஸான ஹீலியோஸ் 58 மி.மீ எஃப் 2க்கு 29, ஏபிஎஸ்-சிக்காரர் போடும் 35 மி.மீ எஃப் 1.8க்கு 19. மிகத் தூரத்தில் உள்ள ஒரு விளக்கு, முகம் இருக்கும் தளத்தில் வைத்து அளந்தால், ஏறக்குறைய அந்த விட்டமுள்ள வட்டமாகத்தான் தெரியும். அதாவது எஃப் 1.8 ஃபிஃப்டியில் தூரத்து விளக்கு ஒன்று அந்த முகத்தின் கண் அகலத்துக்கு வரும். இதைத் தெரிந்துகொண்டால் "எந்த லென்ஸில் பொக்கே, அதாவது பின்னணி மங்கல், கூட" என்ற கேள்விக்குப் படமே எடுக்கத் தேவையில்லை. படம் எடுப்பது அந்த வட்டம் எப்படிப்பட்டது என்று பார்க்க.

வட்டத்தைப் பெருப்பித்து நாலு விஷயம் பாருங்கள். விளிம்பில் பிரகாசமான கோடு இருக்கிறதா என்பது ஒன்று, அதைப்பற்றி மேலே சொல்லிவிட்டேன். வட்டத்துக்குள் வெங்காயம் அரிந்ததுபோல் வளையம் வளையமாகத் தெரிகிறதா என்பது அடுத்தது, அது வார்த்துச் செய்த அஸ்பெரிக்கல் (சரியான கோள வளைவு இல்லாத) கண்ணாடியின் மேற்பரப்பு அடையாளம், சோனி ஸைஸ் 55 மி.மீ எஃப் 1.8இல் இதைப் பலரும் கண்டிருக்கிறார்கள். மூன்றாவது, படத்தின் ஓரத்துக்குப் போகப்போக வட்டம் எலுமிச்சங்காய் வடிவத்துக்கு நெரிகிறதா. லென்ஸ் குழாயின் விளிம்பு ஓரக்கதிர்களை வெட்டுவதால் இது வருகிறது, எந்த ஃபிஃப்டியிலும் முழுத் திறப்பில் கொஞ்சம் இருக்கும், எஃப் 2.8இல் பெரும்பாலும் போய்விடும். நாலாவது, எஃப் 2.8இல் வட்டம் வட்டமாகவே இருக்கிறதா, அல்லது பலகோணமாகிவிடுகிறதா.

இந்த நாலாவதுக்குக் கெனனைப்போல் நல்ல உதாரணம் இல்லை. 1990இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு ஐந்து பிளேடு, 2015இல் அதற்குப் பதிலாக வந்த எஸ்டிஎம் பதிப்புக்கு வளைந்த ஏழு பிளேடு. இரண்டுக்கும் கண்ணாடி அமைப்பு ஒன்றேதான், ஐந்து குழுவில் ஆறு கண்ணாடி. முழுத் திறப்பில் எடுத்தால் இரண்டையும் பிரிக்க முடியாது, 2.8க்கு மூடினால் ஒன்றில் ஐங்கோணங்கள், மற்றதில் ஏறக்குறைய வட்டம். மண்டபத்துச் சோடனை பல்பு பின்னால் இருக்க எஃப் 2.8இல் சோடியை எடுப்பவருக்கு இது பெரிய விஷயம். எப்போதும் 1.8இலேயே எடுப்பவருக்கு ஒன்றுமே இல்லை.

பின்னேரம், வாவிப் பக்கம்

நமக்குச் சூரியன் கடலில் எழும்பி வாவிப் பக்கம் விழுகிறது, கல்லடியில் நின்றால் இரண்டும் நடை தூரம். பின்னேரம் ஐந்தரைக்கு மேல் சூரியனைப் படத்துக்கு நடுவில், ஓரத்தில், சட்டத்துக்குச் சற்று வெளியே என்று மூன்று இடத்தில் வைத்து எடுங்கள். மூன்றாவதுதான் லென்ஸைக் காட்டிக்கொடுக்கும், படத்தில் சூரியனே இல்லாதபோதும் முழுப் படமும் வெளுத்தால் கண்ணாடியின் மேல் உள்ள பூச்சு பழையது. லைவ் வியூவில் பாருங்கள், டிஎஸ்எல்ஆரின் வியூஃபைண்டரால் சூரியனைப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும். லென்ஸ் ஹூட் போட்டும் போடாமலும் ஒவ்வொன்று. எஃப் 11க்கு மூடினால் சூரியனைச் சுற்றி நட்சத்திரக் கதிர் வரும், பிளேடு ஒற்றை எண் என்றால் இரட்டிப்பு, ஏழுக்குப் பதினாலு, ஒன்பதுக்குப் பதினெட்டு, இரட்டை எண் என்றால் அதே அளவு, எட்டுக்கு எட்டு. நேரான பிளேடு உள்ள பழைய லென்ஸ்களில் இது வடிவாக வரும்.

ஊதாவும் பச்சையும்

ஒரு பத்திரிகைத் தாளை மேசையில் விரித்து, நாற்பத்தைந்து பாகை சரிவில் இருந்து, நடுவரியில் ஃபோகஸ் வைத்து முழுத் திறப்பில் எடுங்கள். ஃபோகஸுக்கு முன்னால் உள்ள எழுத்துகளின் ஓரத்தில் ஊதா, பின்னால் உள்ளவற்றில் பச்சை. எல்லா ஃபிஃப்டியிலும் இது உண்டு, அளவுதான் வேறு. பத்திரிகையில் பார்க்கும்போது அற்பமாகத் தெரியும், கூறைச் சேலையின் வெள்ளிச் சரிகையிலும் எவர்சில்வர் செம்பிலும் வரும்போது தெரியும் அதன் தொல்லை. மென்பொருளில் துடைக்கலாம்தான், ஆனால் ஊதாவைத் துடைக்கும்போது ஊதாச் சேலையின் கரையும் சேர்ந்து சாம்பலாகும். நிகோன் இசட் 50 எஸ் இதில் மிகவும் நல்ல பிள்ளை, ஒன்பது குழுவில் பன்னிரண்டு கண்ணாடி போட்டு, 415 கிராமுக்குப் பாரத்தையும் ஏற்றித்தான் அதைச் சாதித்திருக்கிறார்கள்.

அந்தப் பத்திரிகையிலேயே இன்னொன்றும் பார்த்துவிடலாம். முழுத் திறப்பில் ஃபோகஸ் வைத்து, ஃபோகஸைத் தொடாமல் 2, 2.8, 4 என்று மூடி எடுங்கள். கூர்மையான வரி பின்னுக்கு நகர்ந்தால் அந்த லென்ஸுக்கு ஃபோகஸ் நகரும் குணம் உண்டு, திருத்தாமல் விட்ட கோளப்பிறழ்வின் விளைவு. அழகான பின்னணி தரும் லென்ஸ்களில் இது அடிக்கடி வரும், கெனன் 50 மி.மீ எஃப் 1.2 எல்லுக்கு இந்தப் பெயர் நன்றாகவே உண்டு.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "இந்தக் கம்பனி லென்ஸ் தோலுக்கு நல்லது" என்று அடித்துச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சாம்பல் அட்டையை வைத்து ஒவ்வொரு லென்ஸுக்கும் வைட் பேலன்ஸைத் திருத்திய பிறகு அந்த வித்தியாசத்தில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பாருங்கள். புதிய லென்ஸ்களுக்கு இடையே என் கண்ணுக்கு அநேகமாக ஒன்றும் மிஞ்சுவதில்லை. முப்பரிமாணமாகத் தெரிகிறது என்ற பேச்சும் அப்படித்தான், நல்ல பக்க வெளிச்சமும் சரியான தூரமும் இருந்தால் எந்த லென்ஸிலும் முகம் எழும்பி நிற்கும்.

பார்ப்பது எப்படி

எடுத்ததைவிடப் பார்ப்பதில்தான் கனபேர் ஏமாறுவது. வெளிச்சத்தைச் சமமாக்குங்கள், ஒரே எஃப் எண்ணிலும் ஒரு லென்ஸ் கொஞ்சம் குறைவாக வெளிச்சம் விடும், கொஞ்சம் இருண்டிருப்பதைக் கண் "மென்மை" என்று எடுத்துக்கொள்ளும். எல்லாப் படத்தையும் ஒரே அளவுக்குச் சுருக்குங்கள். பிறகு வேறொருவரைக்கொண்டு கோப்புகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் போடச் சொல்லி, எது எந்த லென்ஸ் என்று தெரியாமல் வரிசைப்படுத்துங்கள். வாங்கிய விலை தெரிந்தால் கண் விலைக்கேற்பத்தான் பார்க்கும். முதலில் ஃபோன் அளவில், பிறகு 12க்கு 18 அல்பப் பக்க அளவில். நூறு சதவீதம் பெருப்பித்துப் பார்ப்பது கடைசியாக. ஃபோன் அளவில் தெரியாத வித்தியாசத்தை வாடிக்கையாளர் ஒருநாளும் காணமாட்டார்.

என்ன எதிர்பார்க்கலாம்

அநேகமான ஃபிஃப்டிகளின் மூதாதை ஒன்றுதான். 1896இல் ஸைஸ் கம்பனியில் பவுல் ருடொல்ஃப் செய்த பிளானர், இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் டபிள் கவுஸ் அமைப்பு. கெனன் எஃப் 1.8, நிகோன் 1.8டி எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள், ஆறு கண்ணாடி, அஸ்பெரிக்கல் இல்லை. முழுத் திறப்பில் பின்னணி கொஞ்சம் பதறும், குறிப்பாக நிகோன் 1.8டியில் வட்டங்களின் விளிம்பு தெளிவாகத் தெரியும். 2011இல் வந்த 1.8ஜியில் ஒரு அஸ்பெரிக்கல் கண்ணாடி சேர்த்தார்கள், டியை வைத்திருப்பவர் மாறினால் பின்னணியிலேயே வித்தியாசம் காண்பார்.

கெனன் 50 மி.மீ எஃப் 1.4 யூஎஸ்எம் 1993 லென்ஸ், 1.4இல் எல்லாவற்றையும் சுற்றி ஒரு மெல்லிய பளபளப்பும் குறைந்த கான்ட்ராஸ்டும் வரும், 2.8இல் அதே லென்ஸ் வேறு ஆள். வயதானவர்களின் முகப்படத்துக்கு அந்தப் பளபளப்பு எனக்குப் பிடிக்கும், மேடையில் எதிர் வெளிச்சத்துக்கு எடுக்கப் பிடிக்காது. 2014இல் வந்த சிக்மா 50 ஆர்ட் நேர் எதிர், பதின்மூன்று கண்ணாடி, 815 கிராம், 1.4இலேயே வெட்டின கூர்மை, வட்டங்களும் சுத்தம். கெனன் எஸ்டிஎம்மின் 160 கிராமோடு ஒப்பிடுங்கள், விடியத் தாலிகட்டு, பிறகு மண்டபம், இரவு வரவேற்பு என்று ஓடும் நாளில் கழுத்து சொல்லும் எது நல்ல லென்ஸ் என்று.

ஹீலியோஸ் 44-2 பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1927 காலத்து ஸைஸ் பயோட்டர் வடிவத்தைப் பின்பற்றிய சோவியத் லென்ஸ், 58 மி.மீ எஃப் 2, பின்னணி சுழன்று வருவதற்குப் பெயர் போனது. அந்தச் சுழல் எலுமிச்சங்காய் வட்டங்கள் நடுவைச் சுற்றி அடுக்கி நிற்பதால் வருவது, ஆகவே ஃபுல் ஃபிரேமில்தான் நன்றாக வரும். ஏபிஎஸ்-சி சென்சர் ஓரத்தை வெட்டிவிடுவதால் பாதி போய்விடும். இலை நிறைந்த பின்னணியும் வேண்டும், மாமரத்துக்கு முன்னால் முழுத் திறப்பில் நில்லுங்கள், வெறும் கடலுக்கு முன்னால் எடுத்துவிட்டுச் சுழல் எங்கே என்று தேட வேண்டாம். கலியாண வீட்டுக்கு முழுநேர லென்ஸாக இதைக் கொண்டுபோவது, கையால் ஃபோகஸ் செய்யும் லென்ஸ் என்பதை மறந்தவர்கள் செய்யும் வேலை.

என் தீர்ப்பு கேட்டால், நிகழ்ச்சி எடுப்பவர் அந்தந்தக் கம்பனியின் புதிய 1.8ஐ வாங்கலாம், கெனனில் எஸ்டிஎம், நிகோன் டிஎஸ்எல்ஆரில் 1.8ஜி, இசட் உடம்பில் எஸ். சோனியில் காசு இருந்தால் 55. எஃப் 1.4க்கு மேலதிகக் காசு கொடுப்பது, 1.8இல் வைத்து எடுத்த அந்த இரண்டாவது ஒப்பீட்டில் நீங்களே கண்ணால் வித்தியாசம் கண்டால் மட்டும்.

வாங்கிய பிறகு

ஒரே மொடலிலும் இரண்டு லென்ஸ் ஒன்றுபோல் இருப்பதில்லை, பாவித்ததை வாங்கும்போது இது இன்னும் முக்கியம். மருதமுனைக் கைத்தறிச் சாரன் ஒன்றை, சின்னக் கட்டம் போட்டதாகப் பார்த்து, சுருக்கமில்லாமல் சுவரில் இழுத்து ஆணி அடியுங்கள். கமராவைச் சுவருக்கு நேரே, சென்சர் சுவருக்குச் சமாந்தரமாக வைத்து, நடுவில் ஃபோகஸ் வைத்து முழுத் திறப்பில் ஒன்று, 5.6இல் ஒன்று. நாலு மூலையும் ஒரே அளவு மங்கலாக இருந்தால் அது லென்ஸின் இயல்பு, பிரச்சினை இல்லை. ஒரு மூலை மட்டும் மற்றவற்றைவிடத் தெளிவாக மங்கினால் கமராவைத் தலைகீழாகத் திருப்பி மறுபடி எடுங்கள். மங்கல் படத்தில் அதே மூலையில் நின்றால் உள்ளே கண்ணாடி ஒன்று சரிந்திருக்கிறது, சாரனின் அதே மூலையோடு சேர்ந்து படத்தின் எதிர்மூலைக்கு இடம் மாறினால் நீங்கள் கமராவைச் சரிவாக வைத்திருக்கிறீர்கள். கடைக்காரர் திருப்பி எடுப்பதாகச் சொன்ன நாட்களுக்குள் இதைச் செய்து, அந்த இரண்டு படங்களையும் ஃபோனில் போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.